ரவிவர்மா ஷூட்டில் ரவிவர்மா எங்கே போகிறார்? பிற கலைகளிடமிருந்து புகைப்படக்காரர் எதை எடுக்கலாம்

கல்யாண ஆல்பம் பேசப் போனால் ஸ்டுடியோக்காரர் நீட்டும் விலைப்பட்டியலில் இப்போது ‘ரவிவர்மா ஷூட்’, ‘சிற்பம் தீம்’, ‘பெயின்டிங் லுக்’ என்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகைகளை வைத்துப் புகைப்படக்காரர் வெங்கட் ராம் மறுபடி எடுத்த படங்கள் 2020-ஆம் ஆண்டு நாட்காட்டியாக வந்து பரவலாகப் பகிரப்பட்டன. அதே மாதிரி வேண்டும் என்று கேட்பது அதற்குப் பிறகு சகஜமாகிவிட்டது. எடுத்துக் கொடுத்த படத்தில் புடவை இருக்கிறது, வீணை இருக்கிறது, பித்தளைச் செம்பும் இருக்கிறது. ரவிவர்மா மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால், ‘கேமரா பத்தாது’ என்கிறார் ஒருவர், ‘எடிட்டிங்கில் சரி செய்யலாம்’ என்கிறார் இன்னொருவர். இன்னொரு பக்கம், இப்படி எடுப்பதே திருட்டு என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

இந்தக் குழப்பம் தீர, ஒரு கலை இன்னொரு கலைக்கு உண்மையில் எதைக் கொடுக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டுகளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய வடாற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகவும், அதில் வேலூர் 2019-இல் மூன்றாகவும் பிரிந்தது. அந்த நிலப்பரப்புக்குள் பல்லவர் குகை, சமண ஓவியம், நடுகல், விஜயநகர மண்டபம், பட்டுத்தறி, தெருக்கூத்து எல்லாமே இருக்கின்றன.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

1. நகல்: இன்னொருவரின் படைப்பை அப்படியே திரும்பச் செய்வது. பயிற்சிக்கு நல்லது. விற்றால் சிக்கல் வரலாம்.

2. ரெஃபரன்ஸ்: ‘இந்த நிறம், இந்த உட்காரும் விதம்’ என்று வாடிக்கையாளரும் படக்காரரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோமா என்று உறுதி செய்துகொள்ளும் மாதிரிப் படம்.

3. தூண்டுதல்: இன்னொரு கலைஞர் ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தார் என்று கண்டுபிடித்து, அந்தத் தீர்வை நம் சிக்கலுக்குப் போட்டுப் பார்ப்பது.

பலரும் இரண்டாவதைச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் கேமராவுக்கு முன்பு ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் படித்தவர். அவருடைய படங்கள் லோத்தின் ஓவியங்கள் போல இருக்காது. சட்டகத்துக்குள் கோடுகளும் இடைவெளிகளும் எப்படித் தாங்கிக்கொள்கின்றன என்ற கணக்கைத்தான் அவர் அங்கிருந்து எடுத்துவந்தார். வண்ணப் படத்துக்குப் பேர்போன ரகுபீர் சிங், முகலாய, ராஜஸ்தானிச் சிற்றோவியங்களிலிருந்து எடுத்தது கூட்டம் நிறைந்த சட்டகத்தை ஒழுங்குபடுத்தும் முறையை.

ரவிவர்மா ஷூட் எங்கே கெடுகிறது

எண்ணெய் வண்ண ஓவியத்தில் முகம் இருட்டிலிருந்து மெல்ல எழுந்து வரும். பின்னணி பழுப்பிலோ அடர் பச்சையிலோ அமிழ்ந்திருக்கும். நகையில் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டுமே பளிச்சிடும், மீதி மஞ்சள் நிழலாகத்தான் இருக்கும். இவை மூன்றுமே ஒரே காரணத்தால் வருபவை: ஒளி பெரியது, பக்கவாட்டிலிருந்து வருவது, ஆளுக்குக் கிட்டத்தில் இருப்பது.

ஸ்டுடியோவில் நடப்பது என்ன? குடை விளக்கு 3 மீட்டர் தள்ளி நிற்கிறது, மணப்பெண் திரைக்கு 1 மீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். முகத்துக்கும் திரைக்கும் உள்ள தூரம் 3-க்கு 4. ஆகவே திரையில் விழும் ஒளி முகத்தைவிட ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) கூடக் குறைவதில்லை. பின்னணி அமிழாது, துணி துணியாகவே தெரியும்.

விளக்கை முகத்திலிருந்து 1.2 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். திரையை ஆளுக்கு 3 மீட்டர் பின்னால் தள்ளுங்கள். இப்போது விகிதம் 1.2-க்கு 4.2. திரையில் தோராயமாக மூன்றரை ஸ்டாப் குறையும். அதே துணி, அதே கேமரா, பின்னணி தானாக இருண்டுவிடும்.

கிட்டே வந்த விளக்கு பெரிதாகவும் இருக்க வேண்டும். வீட்டில் எடுப்பதானால் வெயில் படும் ஜன்னலில் நாலு முழ வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினால் போதும் (கஞ்சி போட்ட புது வேட்டி வேண்டாம், துவைத்துப் பழகியது மேல்). மறுபக்கம் வெள்ளைச் சுவர் இருந்தால் அதிலிருந்து திரும்பும் வெளிச்சம் நிழல் பக்கத்தை வெளுத்துவிடும். அங்கே ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட வேண்டும்.

நகைதான் கடைசித் தொல்லை. கவரிங் நகையின் பூச்சு தங்கத்தைவிடக் கண்ணாடித்தனமாக மின்னும். முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் ஒவ்வொரு மணியும் ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிடும். விளக்கைப் பக்கத்துக்குக் கொண்டுபோனால் ஒரே ஓரத்தில் மட்டும் கோடாக மின்னும். அதற்குப் பிறகும் எடிட்டிங்கில் பழுப்பு நிறம் ஏற்றத் தோன்றினால், ஒளி இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

கல் சொல்லும் கோணக் கணக்கு

புகைப்படக்காரருக்குச் சிற்பிதான் மிக நெருங்கிய உறவு, ஓவியர்கூட அவருக்கு அடுத்துத்தான். ஓவியர் நிழலைத் தானே தீட்டிக்கொள்வார். சிற்பி நிழல் விழும் பள்ளத்தை மட்டும் வெட்டுகிறார், மீதியை வெயிலுக்கு விட்டுவிடுகிறார். புகைப்படக்காரரின் நிலையும் இதேதான்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களை, அதாவது மாண்ட வீரர்களுக்கு நட்ட நினைவுக்கற்களைப் பாருங்கள். வில்லும் வாளும் ஏந்திய வீரன், மேலே இரண்டு மூன்று வரி எழுத்து, செதுக்கலின் ஆழம் பெரும்பாலும் குறைவு. எடத்தனூர் நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. திருடர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயும் வீரனோடு அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லை, வெயில் அதன் முகத்தில் நேராக விழும் நேரத்தில் எடுத்தால் வெறும் சாம்பல் பலகைதான் கிடைக்கும். நாயைத் தேட வேண்டியிருக்கும்.

காரணம் எளிய கணக்கு. நிழலின் நீளம் என்பது செதுக்கலின் ஆழத்தை, கல்லின் பரப்போடு ஒளி செய்யும் கோணத்தின் டேஞ்சன்ட்டால் வகுத்தது. 2 செ.மீ. ஆழச் செதுக்கலுக்கு:

1. 60 பாகையில் நிழல் 1.2 செ.மீ. உருவம் தெரியாது.
2. 45 பாகையில் 2 செ.மீ.
3. 30 பாகையில் 3.5 செ.மீ. வீரனின் உடல் பிரிந்து தெரியும்.
4. 15 பாகையில் 7.5 செ.மீ. எழுத்துகூடப் படிக்க வரும்.
5. 10 பாகையில் 11 செ.மீ.-க்கு மேல். ஒரு மேட்டின் நிழல் பக்கத்து உருவத்தை விழுங்கத் தொடங்கும்.

ஆகவே ஆழம் குறைந்த கல்லுக்கு ஒளி பரப்பை உரசிக்கொண்டு வர வேண்டும். ஆழம் கூடக் கூடக் கோணத்தையும் கூட்ட வேண்டும்.

இதே கணக்கை எடுத்துக்கொண்டு வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனால் எல்லாம் தலைகீழாகும். அங்கே குதிரை வீரர்களும் யாளிகளும் தூணைவிட்டுத் துருத்தி நிற்கிறார்கள். குதிரையின் காலுக்கு அடியில் வெட்டவெளி இருக்கிறது. உரசும் ஒளி பட்டால் அங்கெல்லாம் கரும்பொந்துகள்தான் தெரியும். மேகமூட்டமோ, எதிர்த்தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோதான் அந்த மண்டபத்துக்கு ஏற்றது. ‘சிற்பம் என்றால் காலை வெயில்’ என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதில் பாடம் கல்லோடு நிற்பதில்லை. கூர்மையான மூக்கும் பள்ளக் கண்ணும் உள்ள முகம் யாளித்தூண் மாதிரி, மென்மையான ஒளி கேட்கும். தட்டையான வட்ட முகம் நடுகல் மாதிரி, பக்கவாட்டு ஒளியில்தான் எழும்பும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே விளக்கை ஒரே இடத்தில் வைத்து எடுப்பது எத்தனையோ ஆல்பங்களில் ஒருவரை மட்டும் கெடுக்கிறது.

இனி வெயில். வேலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.9 பாகை வடக்கு. அதனால்:

1. மார்ச் 21 வாக்கில் நண்பகல் சூரியன் 77 பாகை உயரத்தில், தெற்கே சாய்ந்து நிற்கும். தென்சுவர்ச் சிற்பத்தின் மீது அது மேலிருந்து 13 பாகையில் உரசிக்கொண்டு விழும். கூரை விளிம்பான கொடுங்கை நீண்டிருந்தால் அதன் நிழலே சிற்பத்தை மூடிவிடும்.

2. மார்கழியில் நண்பகல் உயரம் 54 பாகைக்கு இறங்கும். தென்சுவரோடு கோணம் 36 பாகை. சுவர் மாடமான கோஷ்டத்தில் இருக்கும் தட்சிணாமூர்த்திக்கு வருடத்தில் நல்ல நேரம் இதுதான்.

3. வடசுவருக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரைதான் நண்பகலில் நேர்வெயில் எட்டிப் பார்க்கும். ஜனவரியில் போய் வடக்குக் கோஷ்டத்துத் துர்க்கைக்கு வெயில் எதிர்பார்த்து நிற்பது வீண்.

வெயிலே படாத கல்லுக்கு ஃப்ளாஷை ஓரத்தில் வைப்பார்கள். அங்கேயும் தூரம் காலை வாரும். 1 மீட்டர் அகலக் கல்லின் ஓரத்திலிருந்து அரை மீட்டரில் விளக்கு இருந்தால், கிட்ட ஓரத்துக்கும் எட்ட ஓரத்துக்கும் ஒளி வேறுபாடு ஒன்பது மடங்கு, மூன்று ஸ்டாப்புக்கு மேல். 3 மீட்டர் தள்ளி வைத்தால் ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கும். அதைவிட எளிய வழி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஒன்றரை அடிக் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கல்லின் மீது சாய்த்து விட்டால், சூரியனின் தூரத்துக்கு முன் ஒரு மீட்டர் ஒன்றுமே இல்லை என்பதால், ஒளி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சமமாக விழும். செலவு நூறு இருநூறு ரூபாய். கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மகேந்திரவாடித் தூண்: கல்லால் ஆன மீட்டர்

தனிப் பாறை ஒன்றைக் குடைந்து மகேந்திரவர்மன் செய்த மகேந்திர விஷ்ணுகிருகம், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் மகேந்திரவாடியில் இருக்கிறது. ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் சூட்டிக்கொண்ட அரசன், ஆனால் தூண்களில் ஆடம்பரம் இல்லை. மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு.

அந்த எட்டுப்பட்டைதான் நமக்கு வேண்டியது. ஒரு பட்டைக்கு நேராக நின்றால் மூன்று பட்டைகள் தெரியும், ஒவ்வொன்றும் 45 பாகை திரும்பியது. மூன்றுக்கும் தனித்தனியாக ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது) வைத்துப் பாருங்கள். வெளிச்சப் பட்டைக்கும் நிழல் பட்டைக்கும் ஒரு ஸ்டாப் வேறுபாடு என்றால் முகத்துக்கு மென்மையான ஒளி. இரண்டு என்றால் அழுத்தமான முகப்படம். மூன்றைத் தாண்டினால் அச்சில் நிழல் பக்கத்து விவரம் போய்விடும். முன்வரிசைத் தூணிலும் உள்வரிசைத் தூணிலும் இதை அளந்தால், வாசல் ஒளி உள்ளே போகப் போக எப்படித் தளர்கிறது என்று எண்ணாகவே கிடைக்கும். வீட்டுத் திண்ணையில், தாழ்வாரத்தில் ஆளை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நிறம்: குறைவாக வைத்திருந்தவர்களிடம் கேளுங்கள்

ஆம்பூர் பக்கம் மலையம்பட்டுக்கு அருகிலுள்ள ஆர்மாமலைக் குகையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் சிதைந்து மிஞ்சியிருக்கின்றன. தாமரைக் குளமும் திசைக்காவலர்களும் அடையாளம் தெரிகின்றன. போளூர் பக்கத்துத் திருமலையிலும் சமண ஓவியங்கள் உண்டு. பழைய சுவரோவியர்களின் கையில் இருந்தவை காவி, மஞ்சள் காவி, சுண்ணாம்பு வெள்ளை, கரி, மண் பச்சை என்று மிகச் சில. ஆனாலும் சுவர் வறுமையாகத் தெரியாது, ஏனென்றால் எல்லா நிறமும் மண்ணிலிருந்து வந்த ஒரே குடும்பம்.

கல்யாண மண்டபத்தில் நீல எல்இடி, ஊதா மின்விளக்கு, பச்சைத் தோரணம், ஆரஞ்சுச் சாமந்தி எல்லாம் ஒரே சட்டகத்தில் இருக்கும். சுவரோவியர் தந்த தீர்வு: எதைச் சேர்ப்பது என்று யோசிக்காமல் எதை வெளியே தள்ளுவது என்று யோசிப்பது. இரண்டு அடி நகர்ந்து நின்றாலே ஊதா விளக்கு சட்டகத்தை விட்டுப் போய்விடும்.

பட்டுக்கு வேறு பாடம். ஆரணிப் பட்டில் பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) வேறு நிறம் என்று நெய்த புடவை, மயில்கழுத்து மாதிரி, கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும். முன்ஃப்ளாஷில் இரண்டும் கலந்து ஒரு மங்கலான நடுநிறமாகிவிடும். புடவைக் கொசுவத்தின் மடிப்புகளுக்குக் குறுக்கே ஒளி வரும்படி நின்றால் மடிப்பின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் இன்னொன்றும் காட்டும். நெய்தவர் அதற்குத்தான் இரண்டு நிறம் போட்டார்.

கூத்து: தூரத்துக்காக வரைந்த முகம்

செய்யாறு பக்கத்துப் புரிசையைச் சொன்னால் கூத்து நினைவுக்கு வரும். வடாற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் விழாவின் பாரதக் கூத்து இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும். படமெடுக்கப் போகிறவர்கள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை நெருக்கமாகச் சுட்டுத் தள்ளுவார்கள். அரிதாரத்தின் வெடிப்பும் வியர்வையும் தெரியும், பாத்திரம் தெரியாது.

அந்த ஒப்பனை தீவட்டி வெளிச்சத்தில், கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பவருக்காகப் போட்டது. வேடத்தின் கட்டை அணிகளில் (மர நகைகளில்) பதித்த கண்ணாடித் துண்டுகள் ஒற்றைச் சுடரைப் பிடித்து மின்னுவதற்காக வைத்தவை. நான்கு பக்கமும் எல்இடி கட்டிய மேடையில் அவை செத்துக் கிடக்கும். ஆகவே:

1. 8 முதல் 10 மீட்டர் தள்ளி, 135 மி.மீ. லென்ஸோடு, கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே நில்லுங்கள். தலைகளும் படத்தில் வரட்டும்.

2. விளக்குகளில் எது அருகில் இருக்கிறதோ அது பக்கவாட்டில் வரும் இடத்தைப் பிடியுங்கள்.

3. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு எல்இடியும் பழைய ட்யூப் லைட்டும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/1000-இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு விழும், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். 1/100 அல்லது 1/50 வையுங்கள். தொடக்கத்துக்கு ஐஎஸ்ஓ 3200, துளை 2.8 போதும்.

4. வேடம் சுழன்று ஆடும்போது 1/15-க்கு இறங்கிப் பாருங்கள். முகம் ஓரளவு நிலைத்து, உடுப்பு மட்டும் இழுபடும் படம் பத்தில் ஒன்று தேறும்.

கூத்திலிருந்து எடுக்க வேண்டிய பெரிய தந்திரம் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்திருக்க, வேடம் அதன் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தன்னைக் காட்டும். மறைப்பதால் எதிர்பார்ப்பு ஏறும். மணப்பெண் கதவுக்கு வெளியே வரும் கணத்தை எடுப்பவர், கதவு முழுக்கத் திறக்கும் வரை காத்திருக்கவே கூடாது.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

கடைசியாக, திருட்டா இல்லையா என்ற கேள்வி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நிலை இது:

1. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் இதைத் தெளிவாக்கியது. ஆகவே ‘பக்க ஒளி, இருண்ட பின்னணி’ யாருக்கும் சொந்தமில்லை.

2. ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ரவிவர்மா மறைந்தது 1906-இல். அவர் ஓவியத்தை யாரும் மறுபடி எடுக்கலாம். ஆனால் அந்த ஓவியத்தை வைத்து இன்று ஒருவர் எடுத்த புகைப்படம் அவருடைய தனிப் படைப்பு. அவருடைய ஒளி, அமைப்பு, அலங்காரம் மூன்றையும் அப்படியே பெயர்த்தெடுத்தால் வம்பு. ரெஃபரன்ஸாக மூல ஓவியத்தை வைத்துக்கொள்வதே பத்திரம்.

3. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுக்கலாம் என்று 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. கட்டடத்துக்கும் விலக்கு உண்டு. சுவரோவியம் அந்த வாசகத்துக்குள் வராது. மேம்பாலத் தூணில் இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்த படத்தின் முன் ஜோடியை நிறுத்தி விளம்பரப் படம் எடுப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

4. பழைய கோயிலுக்கும் குகைக்கும் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை, அனுமதிதான் சிக்கல். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். பழைய ஓவியத்தின் மீது ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. கோயில்களுக்குள் செல்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. வழிபாடு நடக்கும் இடங்களில் கேட்காமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

5. ஸ்டுடியோக்காரர்களில் பலர் கவனிக்காத பிரிவு 17. ஒருவர் பணம் கொடுத்து, கேட்டுக்கொண்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. ஒளியை நாள் முழுக்க யோசித்து அமைத்த ரவிவர்மா ஷூட்டாக இருந்தாலும், அதை ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமானால் முன்பணம் வாங்கும் அன்றே ரசீதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.